சட்டைப்பையில் போடும் பீஸ் கட்டை

பெரியப்பா கையில் ஆண்ட்ராய்டு, பெரியம்மா கையில் அக்கா வாங்கித் தந்த ஐபோன். கிணத்துக்கடவுத் தோப்பில் மோட்டாரைப் போட யார் நடப்பது என்று இருவரும் மல்லுக்கட்டிய ஒரு மத்தியானம் எனக்குப் பளிச்சென்றது: ஒரே நிரல் எழுதினால் இரண்டு போனிலும் ஓடுமே! அப்படிப்பட்ட ஃபிரேம்வொர்க் ஒன்றை அப்போதுதான் கற்றிருந்தேன். பத்தே நாளில் ஆப் தயார். மோட்டார் ஸ்டார்ட்டரில் மாட்டும் பெட்டியைக் கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் செய்து வாங்கினேன். ஆப்பில் பச்சைப் புள்ளி வந்தால் மோட்டார் ஓடுகிறது. சிவப்பு என்றால் நின்றிருக்கிறது. ஒன்பது தோப்புகளில் மாட்டியாயிற்று.

சிக்னல் இல்லாதபோது பட்டனை அமுக்கினால், போனே அதை வைத்திருந்து பிறகு அனுப்பும்படி எழுதியிருந்தேன். அதில் பெருமை வேறு.

இன்று மதியம், சோதித்துப் பார்க்க, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஆன் அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து மோடை எடுத்ததும் மேசையிலிருந்த சோதனைப் பெட்டி ‘டக்’ என்றது. நான் அமுக்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தோப்பில் மோட்டாரும் இப்படித்தான் யாரும் எதிர்பாராதபோது ஓடும். பெரியப்பா போன் கிடைக்கவில்லை. பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

“வால்பாறை போனாருங் கண்ணு. எஸ்டேட் ஆபீஸ் போன்ல கூப்பிட்டு, ‘ஆன் அமுத்திருக்கறேன், தண்ணி வருதா’ன்னாரு. வர்ல. நா அமுத்துனா அவருக்குப் பொறுக்காதே! மோட்டார் கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக்கை வரச்சொல்லிப்போட்டாரு. மெக்கானிக்கு இப்பத்தான் கெணத்துல எறங்குனாரு. பெரியப்பனும் மலையெறங்கிட்டிருக்காரு.”

“பீஸைப் புடுங்குனாருங்களா?”

“அதெதுக்கு? போன்லதான் செவப்பாக் காட்டுதே.”

முன்பெல்லாம் கிணற்றில் இறங்குகிறவர் கரண்டு வராதபடி, ஃபியூஸ் மாட்டிய பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். இப்போது மெக்கானிக்கின் கை மோட்டாருக்குள். பெரியப்பாவின் போனுக்குள் ஓர் ‘ஆன்’. எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் சிக்னல் வரலாம்.

“பெரிம்மா, ஓடுங்க. மொதல்ல பீஸைப் புடுங்குங்க, அப்பறம் என்னைத் திட்டுங்க.”

செருப்புச் சத்தம். நாய் குரைத்தது.

“புடுங்கிப்போட்டேன். கையிலதான் இருக்குது. ஏனுங் கண்ணு, என்னாச்சு?”

நான் பதில் சொல்வதற்குள் என் திரையில் பெரியப்பாவின் ‘ஆன்’ வந்து விழுந்தது.

எல்லாக் கட்டளைகளும் வந்து போகும் சர்வரை நிறுத்தலாமென்று அதற்கப்புறம்தான் தோன்றியது. நிறுத்திவிட்டேன். ஆனால் ஆப்பில் அந்தப் புள்ளி கடைசியாகக் கண்ட நிறத்திலேயே நிற்கிறது. யாராவது கையால் மோட்டாரைப் போட்டிருந்தாலும் இரண்டு வகைப் போனிலும் ஒரே சிவப்புதான். தோப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எச்சரித்து எழுதினேன். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள், மற்றவர்கள் பார்க்கவே இல்லை.

நாளைக்கு விடிந்ததும் பைக்கை எடுக்கிறேன். ஒன்பது தோப்புக்கும் போய், அவரவர் கண்ணெதிரே ஆப்பை அழிக்கப் போகிறேன். பீஸ் கட்டை யார் சட்டைப்பையில் போக வேண்டும் என்று கிணற்றடியிலேயே கேட்டுவிட்டுத்தான் நிரலின் அடுத்த வரியை எழுதுவேன்.