பன்றிப் பண்ணைக்குப் போன சோறு

குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கொஞ்சம் சோறும் சாம்பாரும் மிஞ்சும். அதைச் சூடு ஆறுவதற்குள் இலையில் கட்டி, பூட்டிக் கிடந்த ஒரு ஏலக்காய்க் கடை வாசலில் குடியிருந்த புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிடுவேன். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அந்த அம்மா தோட்டத்தில் ஏலக்காய் எடுத்தவள். இடுப்பு முடியாமல் போய் வேலையை விட்டதும், தோட்டத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். கம்பத்தில் சொந்தக்காரர்கள் உண்டு, ஆனால் சேர்க்கமாட்டார்கள் என்பாள்.

"கொட்டப் போறதத்தானே தார தாயி. அதனால வாங்க வெக்கமில்ல." இதை அடிக்கடி சொல்லுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணப் பிரியாணி மிஞ்சியது. காலையில் சமைத்தது. சாயங்காலம் சில இளைஞர்கள் நல்ல மனசோடு பொட்டலம் கட்டி, பஸ் ஸ்டாண்டிலும் கடை வாசல்களிலும் படுத்துக் கிடந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். தின்றவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கண் தெரியாதவரை ஆஸ்பத்திரியில் வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்து வந்தார். ஆனால் அதற்கப்புறம் தனியாக எழுந்து நிற்க முடியவில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆபீசர் கடை கடையாக வந்தார். சின்ன வயசு மலையாளி, தன்மையாகத்தான் பேசினார்.

"சேச்சி, மிஞ்சினதக் கொடுக்கணும்னா சூடு குறையாம வைக்கணும், இல்லேன்னா ஃபிரிட்ஜ்ல வைக்கணும். எப்போ சமைச்சதுன்னு எழுதி ஒட்டணும்."

"வாங்கின உடனே சாப்பிட்டுருவாங்க சார்."

"பாதிய ராத்திரிக்கு எடுத்து வைப்பாங்க. நான் பாத்திருக்கேன்."

நானும் பார்த்திருக்கிறேன். இன்னொருத்தர் விழுந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். எதற்கு வம்பு என்று என் வீட்டுக்காரர் பின்பக்கத்தில் ஒரு நீல டிரம் வைத்தார். மிச்சமெல்லாம் அதில்தான். சாயங்காலம் பன்றிப் பண்ணை ஜீப் வந்து எடுத்துப்போகும்.

மறுநாள் காலையில் சட்டியிலிருந்து எடுத்த இட்லியைக் கொண்டுபோனேன். அந்த அம்மா கையை நீட்டவில்லை.

"இது நீ விக்கிறது. இத வாங்கினா பிச்சையாயிரும் தாயி."

"அவருக்காவது குடும்மா."

"அவரும் வேண்டாங்காரு. மத்தியானம் மிஞ்சினா குடு."

மிஞ்சினதைக் கொடுக்கக் கூடாதாம் என்று சொன்னேன். ஏன் என்று அவளுக்குப் புரியவே இல்லை. இட்லியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

சில நாள் கழித்துப் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனேன். அவள் டிரம்முக்குள் குனிந்து சோற்றைப் பொறுக்கிக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எச்சி இலையெல்லாம் அதுல கெடக்கு!"

"அதான் கழுவுறேன்ல. அவரு நேத்துலருந்து ஒண்ணும் திங்கல."

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். பிடித்தேனே தவிர, தட்டிவிடவும் மனசு வரவில்லை, கொண்டுபோ என்று விடவும் முடியவில்லை. கடைசியில் அவளே கையை விரித்து, சோற்றைத் திரும்ப டிரம்மில் போட்டுவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சத்தம் கேட்டு வந்த என் வீட்டுக்காரர் அன்றைக்கே டிரம்முக்கு மூடி போட்டுப் பூட்டினார். நான் கத்தினேன்.

"இதத் தின்னு அந்தாளு செத்தா நீ பதில் சொல்லுவியா?" என்றார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் முன்பக்கம் போனார்.

அந்த வாரமே இருவரும் கம்பம் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டரும் இன்னொருவரும் அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். "சொந்தக்காரங்க வரச்சொன்னாங்க" என்றாள் என்னிடம். பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கண்டக்டர் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். ஒருநாள் சோறு போடும்போது சொன்னார்: "அந்தக் கண் தெரியாதவரு கம்பம் பஸ் ஸ்டாண்டுலயே போய்ச் சேந்துட்டாரு, அக்கா. முனிசிபாலிட்டி வண்டி வந்து உடம்ப எடுத்துட்டுப் போச்சு."

"அந்த அம்மா?"

"கூட ஏறுறேன்னு அழுதுச்சு. ஏத்தல. அப்புறம் நான் பாக்கல."

கடை லீவு விட்ட ஒருநாள் மலை இறங்கிக் கம்பத்துக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், மார்க்கெட் எல்லாம் தேடினேன். அவளைப்போலவே பலபேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் அவளில்லை. நான் ஏதோ கொடுக்கத்தான் குனிகிறேன் என்று நினைத்து, எல்லோரும் கையை நீட்டினார்கள்.