இடுப்பு பார்க்கும் தெய்வானை

காஜா பேராங் ஊரில் யார் பெண் பார்க்கப் போனாலும் தெய்வானையையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஜாதகம் பார்க்க ஐயர் இருந்தார்; இடுப்பு பார்க்கத் தெய்வானை இருந்தாள். ஏழு பெற்றவள் என்பதைத் தவிர அவளுக்கு வேறு தகுதி கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

அவள் பார்க்கிற விதமே ஒரு கூத்து. பெண்ணின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். வெற்றிலைப் பெட்டியின் மூடியைத் தற்செயலாக விழுந்ததுபோலத் தள்ளிவிடுவாள். பெண் குனிந்து எடுக்கும்போது பின்னாலிருந்து கண்ணால் அளப்பாள். "எலும்பே இல்ல லா. இது எங்க புள்ள பெக்கப் போவுது?" என்று வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அப்படித் தள்ளப்பட்ட பெண்கள் அடுத்த முறை இரண்டு பாவாடை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். தெய்வானை அந்தத் துணியையும் எலும்பு என்றே நம்பினாள்.

உஜோங் பாசிர் ஊரில் அந்த மூடியைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவள்தான் சீதா. தெய்வானையின் மகன் ஜெயபாலனுக்கு அவள் மனைவியானாள். "வாசப்படிய அடைச்சிக்கிட்டு வர்றா பாரு! நான் பாத்ததுலயே இதான் இடுப்பு" என்று மாமியார் தெருவெல்லாம் பெருமை அடித்தாள். சந்தையில் வாங்கிவந்த மாட்டைப்போல அக்கம்பக்கத்தார் தன்னைச் சுற்றிவந்து பார்ப்பதை சீதா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

சுதந்திரம் வந்த அதே மாதம் அவளுக்கு வலி எடுத்தது. ஊரே கொடி கட்டிக்கொண்டிருந்தது. ஒரு பகல் போய் மறுபகல் வந்தும் பிள்ளை வரவில்லை. அம்மாவைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத ஜெயபாலன், அன்றைக்கு அவளைக் கேட்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஊரார் மிஸ்ஸி என்று கூப்பிடும் அரசாங்க மருத்துவச்சி சந்திரமதியை அழைத்துவந்தான்.

அவள் சீதாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "தலை இன்னும் மேலயே நிக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"இந்த இடுப்புக்கா ஆஸ்பத்திரி? கேட்டா சிரிப்பாங்க மிஸ்ஸி. கல்யாணம் ஆகாத பொண்ணு, உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க பாத்தது இடுப்பே இல்லம்மா." சந்திரமதி தன் தொடையின் மேற்புறத்தைப் பக்கவாட்டில் தட்டிக் காட்டினாள். "இது தொடை எலும்பு. அதுக்கு மேல சதை. புள்ள வர்ற வழி உள்ள இருக்கு. இவங்களுக்கு அது சின்னது."

தெய்வானை கதவை மறித்து நின்றாள். "ஜெயபாலா, இவள தூக்கிட்டுப் போனா தெருவுல என் பேரு என்னடா ஆவுறது?"

ஜெயபாலன் கதவையும் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தான். சீதாவுக்குப் பேசத் தெம்பில்லை. ஆனால் அவன் பார்த்துக்கொண்டே நிற்பான் என்று தெரிந்ததும் பேச்சு வந்தது.

"என்னங்க, டாக்சி கூப்பிடுங்க. அவங்க பேரு எப்படியும் பொழைச்சிக்கும். நான் பொழைக்கணும்."

அவன் ஓடினான். டாக்டர்கள் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள்.

வார்டில் படுத்திருந்தவளுக்குச் சந்திரமதி விளக்கமாகச் சொன்னாள். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே எலும்பு பக்கவாட்டில் புடைத்து நிற்கிறது. புடவைக்கு மேல் தெரியும் அகலம் பெரும்பாலும் அதுதான். பிள்ளை வருவது, இரண்டு இடுப்பெலும்புகளும் முன்னால் ஒன்றோடொன்றும் பின்னால் முதுகெலும்பின் அடியோடும் சேர்ந்து ஆகும் வளையத்தின் வழியாக. அண்டாபோல வெளியே தெரிந்தாலும் உள்வாய் செம்பளவே இருக்கலாம். பின்னாலிருந்து பார்த்து அதை அளக்க எந்தக் கண்ணாலும் முடியாது. சீதாவுக்கு ஒரே தடவையில் விளங்கிவிட்டது. அவள் மாமியாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"மிஸ்ஸி அவசரக்குடுக்கை. இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா தானா வந்திருக்கும்" என்று தெய்வானை கதையை மாற்றினாள். தெரு அதையும் நம்பியது. தீபாவளி கழிந்ததும் பக்கத்துத் தெருப் பூங்காவனம் தன் மகனுக்குப் பெண் பார்க்க அவளை அழைக்க வந்தாள். தெய்வானை தயாராகப் பட்டுப்புடவையில் இருந்தாள்.

சீதா குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து வந்தாள். "பெரியம்மா, இவங்க பாத்த இடுப்ப நீங்களும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்று புடவையை விலக்கித் தழும்பைக் காட்டினாள்.

பூங்காவனம் நன்றாகத்தான் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்து 'உச்' கொட்டினாள். "உன் தலையெழுத்தும்மா, அதுக்கு யாரு என்ன செய்யிறது?" என்றாள். பிறகு தெய்வானை பக்கம் திரும்பி, "வாங்கக்கா, பொண்ணு ஊருக்கு, பத்து பெரெண்டாமுக்குப் போற பஸ் போயிடும்" என்றாள்.