பதிவாகாத மூன்று நிமிடம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் பூனைதான். கல்யாணமோ கம்பெனி விழாவோ, சின்னக் கேமராவை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, முழங்காலை அரைவாசி மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றிப் பாதத்தை மெல்ல உருட்டி அவர் நடப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. பக்கத்தில் வந்து நிற்கும்வரை ஆள் வந்தது தெரியாது.

"யாராவது இவனுக்கு ஒரு மணி கட்டுங்கப்பா" என்பார், ஸ்டுடியோ வைத்திருக்கும் அவருடைய பால்ய நண்பர்.

"நீதான் கட்டேன். யார் கட்டுறதுன்னு தெரியாமதானே எல்லாரும் முழிக்கிறீங்க" என்பார் இவர்.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள், "ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிட்டேன்" என்று மனைவிக்குப் போன் செய்தார். அவள் ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால் மூன்று வருடமாகச் சேர்ந்திருந்த தூசியைத் துடைத்து, சுவரில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே குடையின் கைப்பிடி மாதிரி ஒன்று; அதன் தலையில் மடங்கி மடங்கி நிற்கும் மூன்று கைகள்.

"ஃப்ரிஜ்ஜுக்கு இல்லடி, எனக்கு. இதுக்குப் பேரு கிம்பல். மூணு மோட்டார் இருக்கு. நான் எந்தப் பக்கம் சாஞ்சாலும் அது எதிர்ப்பக்கம் சாஞ்சு சரிபண்ணிடும்."

"அப்ப உங்க அக்கா வாயில ஒண்ணு மாட்டி விடுங்களேன்."

"அதுக்கு மூணு மோட்டார் பத்தாது."

அன்று முதல் அவர் எடுத்தார். அவள் வெட்டி ஒட்டினாள். படுக்கையறையின் ஒரு மூலையில் மேசை, கம்ப்யூட்டர், காதில் மாட்டும் ஹெட்ஃபோன். காலேஜில் வணிகவியல் படித்தவள், படத்தொகுப்பைத் தானாகவே கற்றுக்கொண்டாள். அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றுவதற்கு முன்பே மெமரி கார்டை உருவி அவள் கையில் கொடுத்துவிடுவார். அதில் நல்ல படங்களோடு நாலைந்து குப்பையும் இருக்கும். கிம்பலின் கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் பதிவாகும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். பிடியை மாற்றும்போது தெரியாமல் விரல் பட்டால் அதுவே ஓட ஆரம்பித்துவிடும். தரை, நாற்காலிக் கால், அவருடைய ஷூவின் நுனி என்று பத்து நிமிடம் ஓடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான்.

"இன்னிக்கு தரை ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் அவற்றை அழிப்பாள்.

ஆனால் முக்கியமான இடத்தில் அவர் கேமரா ஒருநாளும் தவறியதில்லை. மோதிரம் விரலில் ஏறும் நொடி, குழந்தை மெழுகுவத்தியை ஊதும் நொடி எதுவும் அவருக்குத் தப்பாது. இதைத் தவிர வேறு எதிலும் அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதாக அவளுக்கு நினைவில்லை.

கைவலி என்று அவர் சொல்ல ஆரம்பித்தது சாவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால். இடது கை. கேமராவோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ. முழங்கை மடங்கியபடி மணிக்கணக்காகத் தூக்கி நின்றால் யாருக்குத்தான் வலிக்காது? வலது கையை அவர் காலியாகவே வைத்திருப்பார். பின்னோக்கி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் தூணையும் கதவையும் தடவிப் பார்க்க அது வேண்டும். இரண்டு மூன்று நாள் அவள் தைலம் தேய்த்துவிட்டாள். நாலாவது நாள் கை அலுத்துவிட்டது.

"ஒரே கையில பிடிச்சா வலிக்காம என்ன பண்ணும்? கை மாத்திப் பிடிங்க" என்றாள். அதற்கப்புறமும் அவர் சொன்னார். அவளும் அதையே சொன்னாள்.

கடைசியாக அவர் எடுத்தது ஒரு பணி ஓய்வு விழா. பெரிய மருத்துவமனையின் லாண்டரியில் முப்பத்தோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர் வீட்டுக்குப் போகும் நாள். அன்று மாலை இவர் திரும்பி வந்து, வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றை டாக்டர்தான் கழற்றினார்.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானே!" என்று நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட சொல்லவில்லையே, ஒரு அறிகுறிகூட இல்லையே என்றார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து சூப்பர்வைசரின் மகள் போன் செய்தாள். வெளிநாட்டில் இருக்கிறாள், விழாவுக்கு வர முடியவில்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் அக்கா. முழு வீடியோ வேண்டாம். அப்பா லாண்டரியிலேருந்து கேட் வரைக்கும் நடந்து வர்றது மட்டும் இருந்தா போதும். அதுக்காகத்தான் உங்க வீட்டுக்காரரையே பிடிச்சேன்."

அவள் அன்றே கார்டைப் போட்டுப் பார்த்தாள். வாழ்த்துரை இருந்தது, பரிசாகக் கடிகாரம் கொடுத்தது இருந்தது, கேக் இருந்தது. நடை இல்லை. கடைசி இரண்டு கோப்புகளின் நேரத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்று, பதினொரு நிமிடம்: தரை. நான்கு நாற்பத்தொன்றுக்கு முடிகிறது. மற்றொன்று ஒன்பதே நொடி: மறுபடி தரை. நான்கு நாற்பத்து நான்குக்குத் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருந்ததைத் தெரியாமல் ஓடவிட்டு, தொடங்குவதாக நினைத்து நிறுத்தியிருக்கிறார். நிறுத்துவதாக நினைத்துத் தொடங்கி, உடனே கேமராவையும் அணைத்திருக்கிறார். நடுவில் மூன்று நிமிடம். அந்த நீளமான நடைவழி முழுக்க, முழங்காலை மடக்கிப் பின்னோக்கி நடந்தபடி, அவர் எதையும் எடுக்கவில்லை.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தப் பதினொரு நிமிடத்தையும் கேட்டாள். அன்று சமைக்கவில்லை.

மறுநாள் ஸ்டுடியோக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கார்டு போயிடுச்சுன்னு சொல்லிடு தங்கச்சி. கார்டு போறது சகஜம், யாரும் கேக்க மாட்டாங்க. கோட்டை விட்டுட்டான்னு தெரிஞ்சா, இத்தனை வருஷம் எடுத்ததெல்லாம் மறந்துபோய் இது ஒண்ணுதான் நிக்கும். செத்தவன் பேரைக் கெடுக்காதே."

"எப்படித் தவறிச்சுன்னு அவர் பேச்சுலயே இருக்கு. கேட்டீங்களா அண்ணா?"

"கேட்டேன்" என்றார் அவர். தலையைத் தூக்கவில்லை. "அதுக்காகவும்தான் சொல்றேன்."

நண்பனுக்காக மட்டும் அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை, அவளுக்காகவும்தான். கார்டு கெட்டுவிட்டது என்றால் அந்தப் பதினொரு நிமிடமும் இல்லை. அதில் இருக்கும் பேச்சும் இல்லை. அவள் காப்பாற்றப்பட்டுவிடுவாள். இரண்டு நாள் அதையே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சூப்பர்வைசரே வந்து கதவைத் தட்டினார். வீடியோவில் பார்த்த முகம்தான், ஆனால் அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஷூவைப் பார்த்துத் தெரிந்தது. பழுப்பு நிறம், புதிது, இடது நுனியில் ஒரு கீறல். தரையோடு தரையாக அதைப் பதினொரு நிமிடம் பார்த்திருக்கிறாள்.

"வீடியோவுக்கு வரலம்மா. உங்களைப் பாக்கணும்னு தோணிச்சு" என்றார். தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கலாமா? நாங்க பேசிட்டு நின்னப்போ மிஷினைக் கீழ தொங்க விட்டிருந்தாரு. அதுல ஒரு சிவப்புப் புள்ளி தெரிஞ்சுது. அது ஓடிட்டு இருந்துச்சா?"

அவள் தயாராக வைத்திருந்த வாக்கியம் வாய்வரை வந்து நின்றது.

"ஓடிட்டு இருந்துச்சு சார். நீங்க நடந்ததுதான் ஓடல" என்றாள்.

மேசைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்பீக்கரில் விட்டாள். திரையில் சாம்பல் நிறத் தரை. நாலு ஷூ. தூரத்தில் துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சல். அதற்கு மேலே அவள் கணவரின் குரல்.

"இந்தக் கைதான் சார், ஒரு மாசமா. தோளிலேருந்து இழுக்குது."

"எதிர்லதானே எமர்ஜென்சி. ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடுங்களேன்."

"இது மிஷின் வலி சார். டாக்டர் என்ன கிம்பலா பிடிச்சிருக்காரு? வீட்டுல சொல்லியாச்சு. கை மாத்திப் பிடின்னு ஆர்டர். அதான் இன்னிக்கு வலது கை. பழக்கமில்லாத பிடி, பாப்போம்."

சூப்பர்வைசர் சிரிப்பது கேட்டது. யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு மறுபடி சூப்பர்வைசர்:

"அப்ப ஆரம்பிச்சுடலாமா? ஷிஃப்ட் மாறுது. விட்டா எல்லாம் கலைஞ்சுடுவாங்க."

"ரெடி சார். கேமராவைப் பாக்காதீங்க, என் தோளுக்கு மேல பாருங்க."

பீப் என்று ஒரு சத்தம். படம் நின்றது. அடுத்த ஒன்பது நொடிக் கோப்பு தானாகவே ஓடியது. மூச்சு வாங்கும் சத்தம், பிறகு, "நல்லா வந்திருக்கு சார். ஒரு குலுக்கல் இல்ல."

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு மாசமா சொல்லிட்டு இருந்தாரு சார்" என்றாள் அவள். "சொல்லாம போயிட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வாயைத் திறக்கல. இப்பதான் முதல்தடவை சொல்றேன்."

"நான் அவசரப்படுத்தினேன். இருபது அடியில டாக்டருங்க. முப்பத்தோரு வருஷம் அந்த இடத்துல வேலை பாத்திருக்கேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது. சொன்னால் அவரும் பதிலுக்கு அதையே சொல்ல வேண்டியிருக்கும். கொடுத்து வாங்குகிற விஷயமா அது? திரையை அணைத்தாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. அவருடைய மகள்தான். அவள் எடுக்கப் போனாள். அவர் கையை நீட்டினார்.

"நான் பேசறேன்மா."

ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு பேசினார். "நான்தாம்மா. இங்கதான் வந்திருக்கேன்... இல்லம்மா. கார்டு கெட்டுப்போச்சாம்... அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்... அழாதே. மத்ததெல்லாம் இருக்கு... ஆமா, அவரு நல்லாத்தான் எடுத்தாரு. தப்பு கார்டு மேலதான்."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ தூரத்துல தனியா இருக்கா. அப்பன் நடக்கறதுக்காக ஒரு மனுஷன் போயிட்டாருன்னு அவ மனசுல விழ வேண்டாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்காகவும்தான்" என்றார்.

அவள் இரண்டு நாளாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்த பொய்யை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் இல்லை.

அவர் கிளம்ப எழுந்தார். கதவு வரை போனவரை அவள் நிறுத்தினாள்.

"சார், அந்த மூணு நிமிஷம் அவரை நீங்க மட்டும்தான் பாத்திருக்கீங்க. எப்படி இருந்தாரு?"

அவர் கதவைப் பிடித்தபடியே யோசித்தார். கதை சொல்லத் தெரிந்தவர் இல்லை.

"தோளுக்கு மேல பாக்கச் சொன்னாரு. எனக்கு அது வரல. அவர் முகத்தையே பாத்துட்டு வந்தேன். ரெண்டு பக்கமும் கை தட்டறாங்க, எனக்கானா கண்ணு மறைக்குது. நான் வேகமா நடந்துட்டேன் போல. அவரு வாயை மட்டும் அசைச்சு, மெதுவா மெதுவான்னாரு. திருப்பத்துல ஒரு துணி வண்டி நின்னுச்சு. திரும்பிக்கூடப் பாக்கல, இடது கையைப் பின்னால விட்டுத் தடவிட்டு அப்படியே ஒதுங்கிப் போனாரு."

"வலிச்ச கை."

"ஆமா. அந்தக் கைதான்."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"வேர்த்திருந்துச்சு. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு. வெளுத்துப் போயிருந்துச்சும்மா. வெளிச்சம்னு நினைச்சேன்."

அவள் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்தாள்.

"அப்புறம் சார்?"

"அப்புறம் கேட் வந்துடுச்சும்மா" என்றார் அவர்.