குண்டு செய்யாத மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை புதூர்நாட்டுக்கு ஜீப்பில் போய், இடுப்பொடிந்து திரும்பியிருக்கிறேன். எனக்கு ஜவ்வாது மலையில் என்ன வேலை என்கிறீர்களா? பெண் பார்க்கும் வேலை. பதறாதீர்கள் — எனக்கில்லை, என் நண்பன் முருகேசனுக்கு.

முருகேசன் அந்த மலையில் பிறந்து, படித்துப் படித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடம் வரைக்கும் போனவன். நியூட்ரான்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்த லித்தியம் அணுக்கருவை உண்டாக்கி, அது எப்படி இருக்கிறதென்று பார்க்கிறான். அதற்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆயுள் இல்லையாம்!

போன லீவில் ஒரு கல்யாணத்தில் இந்தப் பெண்ணைப் பார்த்தான். அன்றிலிருந்து ஆள் சரியில்லை. கட்டினால் இவள்தான் என்கிறான்.

பெண்ணின் அப்பா சாமை விளைவிக்கிறவர். "இன்னா வேலைங்க தம்பி?" என்று கேட்டார். முருகேசன் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய தாய்மாமன் முந்திக்கொண்டார். "அணு ஆராய்ச்சிங்க. எம்மாம் பெரிய வேல தெரியுமா?"

அவ்வளவுதான்... பெரியவரின் முகம் மாறிவிட்டது.

"குண்டு செய்றவருக்கு எம்பொண்ண தரமாட்டேங்க. தப்பா நெனச்சிக்காதீங்க."

முருகேசனுக்கு வேர்த்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் அவனே பதில் சொன்னான்.

"குண்டு இல்லீங்க. காட்டுப்பன்னி வர்ற காலத்துல உங்க வூட்டு ஆளுங்க ரெண்டு பேர் சாமக் கொல்லையில பரண் மேல காவல் இருப்பாங்க. தள்ளி இருந்தாலும் இந்த வூட்டு ஆளுங்கதான? நான் பாக்கற கருவுலயும் ரெண்டு நியூட்ரான் ரொம்ப தள்ளி திரியுதுங்க. அதனால கரு நெனச்சத வுட பெருசா இருக்குது."

"சரி, அதனால யாருக்கு இன்னா பிரயோஜனம்?"

கரண்ட் எடுக்கலாம், வியாதி தீரும்... எதையாவது அடித்து விடேண்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இப்போதைக்கு யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க."

தாய்மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவரோ சிரித்துவிட்டார்.

"கெடுதலும் இல்லியே? பொண்ணு கேக்க வந்த எடத்துல, எதுக்கும் ஒதவாதுன்னு தன் வாயாலயே சொல்றாரு. இவர நம்பலாம். எனக்கு சம்மதம், பொண்ண கேளுங்க."

பெண் கதவோரம் நின்றபடியே கேட்டாள். "கண்ணுக்கே தெரியாதத பெருசுன்னு எப்படிங்க சொல்றீங்க?"

"செங்கம் சந்தையில வெறவு கட்டோட நடந்தா, கட்டு அகலமா இருக்க இருக்க நெறய பேர் மேல இடிக்குமில்ல? இந்தக் கருவயும் வேகமா ஒரு தகடு மேல வுட்டு, எத்தினி இடிக்குதுன்னு பாப்போங்க..."

ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. காபி ஆறிப்போனது. கடைசியில் அவள்தான் குறுக்கிட்டாள்.

"இவ்ளோ ஆசையா பேசறாரு... சரின்னு சொல்லிடுங்கப்பா."

முருகேசன் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தான். எனக்கே கண் கலங்கிவிட்டது என்றால் பாருங்கள்.

உண்மையைச் சொன்னால் பெண் கிடைக்குமா? கிடைக்கிறதே. நான் பெண் பார்க்கப் போனபோது என்னவெல்லாம் சொன்னேன் என்பதையும் எழுதலாம்தான்... என் மாமனார் இந்தப் பத்திரிகைப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறார்.