தயிர்சோற்றில் கலந்த மாத்திரை

மெடிக்கல் கடையில் நிற்கிறவள் பிள்ளைக்குக் காய்ச்சலே வரக் கூடாது. வந்தால், ஊருக்கெல்லாம் நாம் சொன்ன யோசனை ஒவ்வொன்றும் நம்மிடமே திரும்பி வரும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் கடை. மகள் ரீனாவுக்கு ஏழு வயது. நமக்கு லேசாகத் தெரிகிற ருசி, வாடை, சத்தம், தொடுதல் எல்லாம் அவளுக்குப் பல மடங்காகத் தெரியும். இப்படியொரு பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம்.

வெள்ளை வேட்டி

காய்ச்சலோடு அவளைக் கடைக்கே தூக்கி வந்திருந்தேன். 'பிள்ளைக விரும்பிக் குடிக்கும்' என்று தினமும் நான் விற்கிற ஆரஞ்சு சிரப்பை வாயில் ஊற்றினேன். நாக்கில் பட்டதுமே துப்பினாள். சுகர் மாத்திரை வாங்க வடமதுரையிலிருந்து வந்திருந்த பெரியவரின் வேட்டியெல்லாம் ஆரஞ்சு. துணியோடு ஓடினேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "ஊருக்கே மருந்து குடுக்கிற, ஒம் புள்ளைக்கு ஒரு மூடி ஊத்தத் தெரியலையே தாயி" என்றார்.

ஆமா சிஸ்டர்

டாக்டரிடம் போனோம். ஒரே கூட்டம், இருமல், டோக்கன் கூப்பிடும் சத்தம், டெட்டால் வாடை. ரீனா காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டாள். இழுக்க இழுக்கக் கத்தல். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவளுக்கு என்ன பிரச்சினை என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீக" என்றார் நர்ஸ். "ஆமா சிஸ்டர்" என்று நான் சிரித்து வேறு வைத்தேன். பெஞ்சுக்கு அடியில் இருப்பவளுக்கும் அது கேட்கும் என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் நர்ஸ் பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீகளா, பெத்தவளே ஒத்துக்கிறா" என்றார்.

தயிர்சோறு

கடுகுகூடத் தாளிக்காத வெறும் தயிர்சோறு. நான் பிசைந்து ஊட்டினால், முகர்ந்து பார்க்காமல் அவள் வாங்கிக்கொள்வது அது ஒன்றைத்தான். காய்ச்சல் இறங்கவே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நுணுக்கி அதில் கலந்துவிட்டேன். இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவதை மெல்லாமல் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காய்ச்சல் இறங்கியது. தயிர்சோறு நின்றுபோனது. என் கையால் எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டாள்.

கடைக்கு வந்த ஒரு பெண், "சிரப்பச் சோத்துல கலந்து குடுத்துரவாக்கா?" என்று கேட்டாள். "வேணாம்மா, அப்புறம் சோத்தையே தொடாது" என்று பட்டென்று சொன்னேன். அவள் சிரித்தபடி, "அம்புட்டு அனுபவமாக்கா ஒங்களுக்கு?" என்றாள்.

இப்போது முதல் வாயை நான் தின்று காட்டிய பிறகுதான் ரீனா தட்டைத் தொடுகிறாள். இப்படியொரு பக்கவிளைவு எந்த மாத்திரை அட்டையிலும் போட்டிருக்காது.