சொக்கம்மாள் டாக்டர் தேடிய கதை

திருவொற்றியூரில் இரும்புப் பீப்பாய் செய்யும் ஆலை ஒன்றில் கிருஷ்ணப்பனுக்கு வேலை. ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில், அடுக்கியிருந்த தகடு ஒன்று சரிந்து அவன் வலது பாதத்தைக் கிழித்துவிட்டது. துணியால் கட்டிக்கொண்டு ஆலை டாக்டரிடம் போனான். டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. வாசற்படியில் நின்றவனை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, "ஒண்ணுமில்ல, போ" என்றார். கம்பவுண்டர் ஏதோ மஞ்சள் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அந்த வாரத்திலேயே பாதம் கறுத்து வீங்கியது. வீட்டுக்குள் நாற்றம் தாங்கவில்லை. அவன் மனைவி சொக்கம்மாள் துறைமுகத்தில் கரிக்கூடை சுமப்பவள். அன்று வேலைக்குப் போகாமல் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள்.

"கட்டைப் பிரிச்சு ஒரு தபா பாருங்க டாக்டரய்யா."

"குடிச்சிட்டு எங்கேயாவது விழுந்திருப்பான். ஆலையில பட்ட காயம் இப்படி ஆகாது."

சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத கிருஷ்ணப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும்தான் சொக்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், நீ ஏன்யா தலைய தொங்கப் போட்டுகினு கீறே? பொய் சொல்றது அவரு!"

கம்பவுண்டர் கதவைச் சாத்தினார்.

அங்கிருந்து ராயபுரம். பெரிய பங்களா, பெரிய டாக்டர். "பக்கத்து கேட்டாண்ட போய் நில்லு" என்றான் வேலைக்காரன். வெயிலில் காத்துக் கிடந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார், காரில் ஏறினார், போய்விட்டார். கார் கிளப்பிய புழுதியில் நின்று சொக்கம்மாள் திட்டியது கல்மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"பேஜார் பண்ணாதே சொக்கு, வூட்டுக்குப் போலாம்."

"வூட்டுக்குப் போயி? நீ சாவுறதப் பாத்துகினு குந்தியிருக்கணுமா?"

மறுநாள் காலை அடுத்த வீட்டு அஜீசுன்னிசா ஒரு பெயர் சொன்னாள். "தண்டையார்பேட்டைல டோரதி டாக்டரம்மா கீறாங்க. என் உசிரையும் புள்ள உசிரையும் காப்பாத்துனவங்க. ஆனா பொம்பளைங்கள மட்டும்தான் பாப்பாங்க, சொக்கா."

"பாக்க வைக்கிறேன்."

கை ரிக்‌ஷாவில் அவனை ஏற்றிக்கொண்டு போனாள். அங்கேயும் ஆயா மறித்தாள். சொக்கம்மாள் புருஷனைத் தாழ்வாரத்தில் கிடத்திவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கூப்புடு உங்கம்மாவ! காயத்துல இன்னா ஆம்பளை பொம்பளை?"

சத்தம் கேட்டு நரைத்த தலையோடு டோரதி வெளியே வந்தார். ஒன்றும் கேட்காமல் தரையிலேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். முகம் சிவந்துவிட்டது.

"இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தே? ஏன் முன்னாடியே கொண்டு வரலே?"

"டாக்டரத் தேடிகினு கீறேன்மா!" சொக்கம்மாள் வெடித்தாள். "ஒருத்தரு பாக்காமலே குடிகாரன்றாரு. ஒருத்தரு கார் ஏறிப் பூட்டாரு. நீங்களும் என்னையே கேட்டா நான் எங்கமா போவேன்?"

ஆத்திரத்தில் அழுகை வந்தது. புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

டோரதி பிரித்த கட்டைச் சுருட்டித் தூர எறிந்தார். "உன்னைக் கேட்டது என் தப்பு" என்றார். பிறகு ஆயாவிடம் திரும்பி, "வெந்நீர் வை" என்றார்.

காலைக் காப்பாற்ற முடிந்தது. இரண்டு விரல்களை முடியவில்லை. பென்சிலின் ஊசியும் கட்டுமாக ஐப்பசி வந்துவிட்டது.

கிருஷ்ணப்பன் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், ஷிப்டு மாறும் நேரமாகப் பார்த்து அவனை ஆலை வாசலுக்கு அழைத்துப் போனாள். "உங்க டாக்டரு பாக்காத காலு இது, எல்லாரும் பாருங்க!" என்று கத்தினாள். கூட்டம் கூடியது. ஒருவன் வெந்த கையைக் காட்டினான், இன்னொருவன் மூடாத கண்ணைக் காட்டினான். எல்லாருக்கும் அதே மஞ்சள் பொடிதான் கிடைத்திருந்தது. அன்று யாரும் உள்ளே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கடைசியில் ஆலைக்கு வேறு டாக்டர் வந்தார். கிருஷ்ணப்பனுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது.

பழைய டாக்டர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவர் மீஞ்சூரில் போர்டு மாட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே சொக்கம்மாள் ரயிலேறிப் போனாள். அந்தத் தெருவில் வீடு வீடாக நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

"இன்னுமா ஆறல உனக்கு?" என்றான் கிருஷ்ணப்பன்.

"ரெண்டு வெரலும் மொளைக்கட்டும், ஆறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.