214-ஆம் எண்ணுக்கு ஒரு ஸ்பிரிங்

சுவிட்சர்லாந்தின் டீஸன்ஹோஃபன் ஊரில் மஞ்சள் தபால் பேருந்து ஓட்டும் ஒட்டீலியா வெஸ்பிக்குச் சிரிப்பு வந்தால் அடங்காது. துப்பாக்கி சுடும் சங்கத்தில் அவள் சேர்ந்ததே அதற்காகத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பழகினால் சிரிப்பு கட்டுப்படும் என்று யாரோ சொன்னார்கள். பதினெட்டு வருடம் சுட்டாள். குறி நன்றாக வந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவளுடைய கைத்துப்பாக்கி 1909-இல் ஜெர்மனியின் சூல் நகரத்தில் செய்தது. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் போடலாம். சங்கக் குலுக்கலில் அது இரண்டாம் பரிசாக வந்தது. முதல் பரிசு அரைப் பன்றி. அன்று எல்லோரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். அவளோ முறையான காகிதங்களில் கையெழுத்துப் போட்டு வாங்கி, வீடு வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். குழலின் அடியில் 214 என்று எண் வெட்டியிருந்தது. அதில் இரண்டு விசைகள். முதல் விசையை அழுத்தி வைத்துவிட்டால் இரண்டாவது விசையில் பூ பட்டாலே போதும், வெடித்துவிடும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த முதல் விசையை அழுத்தியபோது உள்ளே 'டிங்' என்றது. ஒன்றரை விரல்கடை நீளமுள்ள தகட்டு ஸ்பிரிங் இரண்டாக உடைந்து, ஒரு துண்டு பறந்து போய்ப் பக்கத்தில் நின்ற சங்கத் தலைவர் கூப்லரின் காப்பிக் கோப்பையில் விழுந்தது.

கூப்லர் கசாப்புக் கடைக்காரர். சின்ன வயதிலிருந்தே அவளோடு வம்பிழுப்பவர். கரண்டியால் துண்டை எடுத்துத் தந்தார்.

"ஏய் ஒட்டி, இதைச் சுவத்துல மாட்டிட்டுப் புதுசா ஒண்ணு வாங்கு. செப்டம்பர்ல போட்டி இருக்கு."

"உன்னைத்தான் சுவத்துல மாட்டணும்" என்றாள் ஒட்டீலியா.

செப்டம்பரில் நடப்பது பழைய துப்பாக்கிகளுக்கு மட்டுமான போட்டி என்பது அவருக்கும் தெரியும். அவள் முப்பத்தொரு துப்பாக்கிப் பட்டறைகளுக்குக் கடிதம் எழுதினாள். துப்பாக்கியைச் செய்த பட்டறை மூடி எழுபது வருடமாகிவிட்டது. பெல்ஜியத்திலிருந்து ஒருவர் கடிகார ஸ்பிரிங் ஒன்றை அனுப்பிவைத்தார். இத்தாலியிலிருந்து இன்னொருவர், ஸ்பிரிங் இல்லை, ஆனால் உங்கள் கையெழுத்து அழகாயிருக்கிறது என்று எழுதினார். மே மாதம் ஸ்லோவேனியாவின் டிர்ஜிச் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யெர்னேய் குளோபோச்னிக், முடிதிருத்துபவர். அவளுடைய விசாரிப்பு ஒரு பட்டறையிலிருந்து கைமாறி அவரிடம் போயிருந்தது. தன்னிடம் இதே துப்பாக்கி இருப்பதாகவும், அதன் எண் 219 என்றும், ஸ்பிரிங் கச்சிதமாக இருப்பதாகவும், அதைக் கேட்கவே கூடாது என்றும் எழுதியிருந்தார். கைப்பிடி மரத்தை மட்டும் அவருடைய நாய் கடித்துப் பிளந்துவிட்டதாம்.

அன்றைக்கே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"உங்க ஸ்பிரிங்கைக் குடுங்க."

"உங்க கைப்பிடியைக் குடுங்க."

"மாட்டேன்."

"அப்ப நானும் மாட்டேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அவர் கூப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறு அவள். யெர்னேய் ஜெர்மன் கற்றது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து முடிதிருத்தும் கடையில். ஆகையால் பேச்சு நடுவே தடுமாறினால் "தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்கங்க" என்றுவிடுவார். வேலை நாளில் அது நினைவு வந்து ஒட்டீலியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்ததில், இறங்க வேண்டிய ஒரு பாதிரியாரை இரண்டு நிறுத்தம் தள்ளிக் கொண்டுபோய் இறக்கினாள்.

வழி சொன்னது யெர்னேய்தான். இருவரும் தங்கள் பொருளைக் கொடுக்க வேண்டாம், மாதிரிக்குக் காட்டினால் போதும். அவர் ஊரிலிருந்து மலைச் சுரங்கத்தைத் தாண்டினால் ஆஸ்திரியாவின் ஃபெர்லாக். துப்பாக்கி செய்கிறவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கும் ஊர். அங்கே ரோஸ்வீதா என்ற பெண் ஸ்பிரிங் அடிப்பாள், அவள் கணவன் மரம் செதுக்குவான். துப்பாக்கிகள் அவரவர் வீட்டில் பூட்டியிருக்கட்டும்; ஸ்பிரிங்கும் மரமும் மட்டும் பயணம் போகட்டும்.

ஒட்டீலியா மாநிலக் காவல்துறைக்கு எழுதிக் கேட்டாள். ஸ்பிரிங்குக்கும் கைப்பிடி மரத்துக்கும் எந்த அனுமதியும் தேவையில்லை என்று நான்கு பக்கத்தில் பதில் வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைக் கம்பளிக் காலுறைக்குள் செருகி, ஜூலையில் ரயிலேறினாள். எல்லை தாண்டும்போது கடிதத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஃபெர்லாக் பேருந்து நிறுத்தத்தில் நல்ல உயரமான மனிதர் ஒருவர் சவரச் சோப்பு டப்பா ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஸ்பிரிங். வணக்கம் சொல்ல வேண்டியவர் அவள் தலையையே பார்த்தார்.

"யாருங்க இந்த முடியை வெட்டினது?"

"நானேதான். வண்டிக் கண்ணாடியைப் பார்த்து."

"தெரியுது" என்றார் யெர்னேய்.

பட்டறையில் ரோஸ்வீதா பழைய ஸ்பிரிங்கை அளந்து, புது எஃகைப் பழுக்கக் காய்ச்சினாள். பின்னால் நின்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் வாயைப் பொத்திக்கொள்வதுமாக இருந்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று இருவருக்கும் தெரியாது. ரோஸ்வீதா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சிரிங்க. மேசை ஆடுது."

வெளியே போனவர்கள் வேலை முடியும் வரை இரண்டு நாள் ஏரியில் படகு விட்டார்கள். பாலாடைக்கட்டி அடைத்த கொழுக்கட்டை தின்றார்கள். விடுதி முற்றத்தில் நாற்காலி போட்டு யெர்னேய் அவளுக்கு முடி வெட்டினார். 214-க்கும் 219-க்கும் நடுவே இன்னும் நான்கு துப்பாக்கிகள் எங்கேயோ இருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. சொன்னதும் யெர்னேயின் கத்தரி நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தபோது அந்த யோசனையிலேயே கொஞ்சம் அதிகமாக வெட்டியும் விட்டார்.

யெர்னேய்க்குப் புதுக் கைப்பிடி கிடைத்தது; அவள் புது ஸ்பிரிங்கோடு திரும்பினாள். சுவிஸ் எல்லையில் பூக்ஸ் நிலையத்தில் ரயில் நின்றதும் சுங்க அதிகாரி ஏறினார். ஒட்டீலியா எழுந்து நின்று, தானாகவே ஸ்பிரிங்கையும் நான்கு பக்கக் கடிதத்தையும் நீட்டினாள். அவர் முதல் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

"அம்மா, பையில என்ன வாசனை?"

யெர்னேய் வழிக்கென்று கட்டிக்கொடுத்த பூண்டு மணக்கும் தொத்திறைச்சி. மூன்று கிலோ இருக்கும். அதை அவள் சுத்தமாக மறந்தே போயிருந்தாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு கிலோதாம்மா."

"அப்ப இந்தப் பெட்டியில எத்தனை ஆள் இருக்கோம்?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மற்ற பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று நகர்ந்தார். ஒரு மலையேறி கத்தியை எடுத்தார். யாரோ ரொட்டி கொடுத்தார்கள், யாரோ கடுகு விழுது. கன்னியாஸ்திரீ ஒருவர் இரண்டு முறை வாங்கினார். அதிகாரி திரும்பியபோது மீதி ஒரு கிலோவுக்கும் குறைவு. பெட்டி முழுக்கப் பூண்டு நாற, வாயில் மென்றுகொண்டே எல்லோரும் நல்ல பிள்ளைகளாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பிரிங் கையுறை போலப் பொருந்தியது. செப்டம்பர் போட்டிக்கு யெர்னேய் விருந்தாளியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஒட்டீலியா முதல் விசையை அழுத்தினாள், மூச்சைப் பிடித்தாள். பின்னாலிருந்து அவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். தோள் குலுங்கிய குலுங்கலில் விரல் பட்டு, குண்டு பக்கத்து இலக்கு அட்டையில், கூப்லருடைய அட்டையில், நட்ட நடுவில் போய்த் துளைத்தது.

பத்து முறை சுட்ட கூப்லரின் அட்டையில் பதினொரு ஓட்டை. அந்த நடு ஓட்டை தன்னுடையதுதான் என்று அவர் சத்தியம் செய்தார். முக்கால் மணி நேரம் நடுவர்கள் பூதக்கண்ணாடியோடு குனிந்து நின்றார்கள். ஒட்டீலியா தானே போய் ஒப்புக்கொண்டாள். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவது இடம் அவளுக்கு. ஸ்பிரிங் கடைசிக் குண்டு வரை அசையாமல் நின்றது; இடத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசவேயில்லை.

"அந்த ஆளைக் கட்டிக்கப் போறியா?" என்று கூப்லர் பிறகு கேட்டார்.

"மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும்" என்றாள் அவள்.

குளிர்காலத்தில் 217-ஆம் துப்பாக்கி இருக்கும் இடம் தெரிந்தது. டென்மார்க்கின் ஒரு தீவில், பால் பண்ணையை விற்றுவிட்டு ஓய்வாக இருந்த பெண்மணியிடம் இருந்தது. ஒட்டீலியாவும் யெர்னேயும் மூன்று ரயிலும் ஒரு கப்பலும் மாறிப் போனார்கள். கதவைத் திறந்த அந்த அம்மாள் குளிரில் நின்ற இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னோடதுல குறி பார்க்கிற முள் இல்லை. உங்க ரெண்டு பேர்ல யாரோடது நல்லா இருக்கு?"

யெர்னேய் ஒட்டீலியாவைக் காட்டினார். ஒட்டீலியா யெர்னேயைக் காட்டினாள். அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வாங்க, காப்பி ஆறுது என்றாள்.